எங்க வெச்சிருந்தீங்க?

ஏனுங் தம்பி, இங்கிலீசு நல்லாப் படிப்பீங்களா? பையைப் பாத்தா ஆபீசு வேலை மாதிரித் தெரியுது, அதான் கேட்டேன். இல்லையில்ல, இப்பப் படிக்க வேண்டாமுங்க. கவரு எங்கிட்டயே இருக்கட்டும். விசயமங்கலம் வர்றதுக்கு முன்னால படிச்சுச் சொன்னீங்கன்னாப் போதும். நான் அங்க எறங்கோணும். என்ற தங்கச்சி பூங்கொடி வீடு அங்கதான். அவகிட்ட இந்தக் காகிதத்தைக் குடுக்கத்தான் போயிட்டிருக்கறேன்.

உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. அவ புருசனைக் கொன்னது யாருன்னு இருக்குது. அப்புறம் எதுக்குப் படிக்கச் சொல்றன்னு பாக்கறீங்க. எந்த வார்த்தையில போட்டிருக்கறான்னு தெரியோணுமில்ல? நான் எட்டாங்கிளாசு. நம்பரு படிப்பேன், கடைப் பேரு எழுத்துக் கூட்டுவேன், அதுக்கு மேல வண்டி ஓடாது. வக்கீல் ஆபீசுல குமாஸ்தா கவரை நீட்டறப்பவே, "ஐயா கோர்ட்டுலேர்ந்து வந்தொடனே பாத்துப் பேசிட்டுப் போங்க, அவசரப்படாதீங்க"ன்னாரு. ஒன்றரை மாசமாக் காத்துக் கெடந்தவனைப் பாத்து அவசரப்படாதீங்களாமா! புடுங்கிட்டு வந்து பஸ்ஸு ஏறிட்டேன்.

என்ற பேரு சென்னியப்பன். நீலாம்பூர்ப் பக்கம் ஒரு பவுண்டரில மேஸ்திரி. இருவத்தாறு வருசம். நான் கேட்டுக்குள்ள நொழைஞ்சா உலைகூட சத்தத்தைக் கொறைச்சுக்கும்னு பசங்க சொல்வானுக. எனக்குக் கை முன்னால போயிரும், வாய் பொறகுதான் வரும். அது பட்டறை வழக்கமுங்க. இரும்பு உருக்கற எடத்துல ஒருத்தன் தப்பா ஒரு அடி எடுத்து வெச்சா நாலு பேரு வெந்து போவான். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னு கெஞ்சிட்டிருக்க முடியுமா? செவுள்ல ஒண்ணு விட்டா ஆயுசுக்கும் மறக்க மாட்டான். ஒருத்தனுக்குச் சவ்வு கிழிஞ்சு ஒரு காது கேக்காமப் போச்சு. ஆனா அவன் கையி காலு எல்லாம் பத்தரமா இருக்குது. அதுக்கு யாரு காரணம்? நான்தான்.

அங்கப்பன், அதான் தங்கச்சி புருசன், அவனையும் அப்புடித்தான் வேலை பழக்குனேன். மாப்ளைன்னு தனி மரியாதை எல்லாம் பட்டறைக்குள்ள கெடையாது. பொண்ணு குடுத்ததும் நான், வேலை குடுத்ததும் நான். பதினஞ்சு வருசம் எங்கிட்ட வேலை பாத்தான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசி இருப்பானா? "சரிங்க மச்சான்." அதுதான் அவன் பேச்சு. தங்கமானவன். அந்தத் தங்கத்தைத்தான் அந்தக் கடைக்காரன் கொன்னு போட்டான்.

சொல்றேன் கேளுங்க. எங்க உலை வருசம் பூராவும் எரியும். ஆயுத பூசை வந்தா மட்டும் அவிப்போம். அவிச்சு, ரெண்டு நாள் ஆற விட்டு, சிம்னி உச்சியிலேர்ந்து ஒரு ஆளைக் கவுத்துல உள்ள எறக்கிச் சுத்தி ஒட்டியிருக்கற கரியைச் சொரண்டுவோம். நாப்பதடி உசரம். வெள்ளையடிச்சு, சந்தனம் வெச்சு, பூசணிக்காய் ஒடைச்சாத்தான் அடுத்த வருசத்துக்கு உலை பத்த வெக்கறது. போன வருசத்துக்கு முந்தின வருசம் நைலான் கவுறு கட்டி ஒருத்தன் எறங்குனான். உள்ள எங்கியோ ஒரு கங்கு அவியாம இருந்திருக்குது. பட்டதுமே கவுறு மெழுகாட்டம் உருகிருச்சு. அவன் ஏணிக் கம்பியைப் புடிச்சுத் தொங்குனதுனால பொழைச்சான். மேல வந்ததும் அவனுக்கு ரெண்டு அறை விட்டேன். பின்ன என்னங்க, பாத்து எறங்கோணுமில்ல?

அப்புறம்தான் நானே நேராக் காந்திபுரத்துக்குப் போயி, வரதராசன்னு ஒரு ஆளு, பட்டறைச் சாமான் விக்கறவன், அவன் கடையில நல்ல கவுறு கேட்டேன். மாப்ளையும் கூட வந்தான். கடைக்காரன் ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு, குரலே வெளிய வராது. மஞ்சளா ஒரு கவுறு எடுத்துப் போட்டான். அராமிடு நூலாம். குண்டு தொளைக்காத சட்டை இதுலதான் தைப்பாங்களாம், தீயணைக்கறவங்க போடறதும் இதேதானாம். லைட்டரைப் பத்த வெச்சுக் காட்டுனான். நான் நம்பல. லைட்டரை வாங்கி நானே புடிச்சேன். ஒண்ணு ரெண்டுன்னு அறுவது எண்ணுனேன். லேசாக் கருத்துச்சு, அவ்வளவுதான். உருகல, ஒழுகல, பத்திக்கல. அடேங்கப்பா, தீயே ஒண்ணும் பண்ணாத கவுறுடா இதுன்னு எனக்குச் சந்தோசம் தாங்கல. ரெண்டு சுருள் கட்டச் சொன்னேன். அதுக்கு மேல அவன் என்னமோ நீட்டி மொழக்கிட்டிருந்தான். எனக்கு மொதலாளி போன் வந்துச்சு, வெளிய வந்துட்டேன். மாப்ளதான் நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டு வந்தான். அவனுக்கு எதையும் நின்னு கேக்கற பழக்கம்.

வாங்கியாந்த பொருளை வெச்சுக் காப்பாத்தோணுமில்ல? அதுல என்னைக் கொறை சொல்ல ஒருத்தன் பொறந்து வரோணும். எங்க பட்டறையில எலி ஒவ்வொண்ணும் பூனை அத்தாச்சோடு, அவ்வளவு பெருசா இருக்கும். கவுறு, சாக்கு, தோலு எதை வெச்சாலும் கொறிச்சுப் போடும். மழை வந்தா ஓட்டைக் கூரை, ஈரம். இது ரெண்டும் அண்டாத எடம் பட்டறையில ஒண்ணே ஒண்ணுதான், உலை செவுரு. அங்க நானே தகடு வெட்டி, நானே வெல்டு வெச்சு ஒரு பெட்டி செஞ்சேன். செவுத்தோட ஒட்டுனாப்புல. ஒரு சுருளை அதுக்குள்ள வெச்சுப் பூட்டி, சாவியை என்ற அரைஞாண்ல கட்டிக்கிட்டேன். வெள்ளிக்கெழமையானா பெட்டிக்குச் சந்தனம் குங்குமம். ஆளு உசுரைத் தாங்கற கவுறில்ல, சாமிதானுங்களே.

அந்தப் பெட்டி எவ்வளவு தோதாப் போச்சு தெரியுங்களா? பசங்க சோத்துப் போசியைக் காலையில கொண்டாந்து அது மேலதான் வெப்பானுக. மத்தியானம் தெறந்தா ஆவி பறக்கும். கோழி முட்டையை வெச்சாத் தானா வெந்துரும். தண்ணி தெளிச்சாச் சுர்ருங்கும். வெறுங்கையில மூடியைத் தொட முடியாது, தோலு உறை போட்டுத்தான் பூட்டைத் தெறக்கோணும். எலி எப்புடி வரும்? ஈரம் எப்புடி வரும்? மொதலாளி பாத்துட்டு, "சென்னியப்பா, நீ இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையில்ல"ன்னாரு.

மாப்ள மட்டும் அன்னிக்கே மொணமொணன்னான். "மச்சான், கடைக்காரரு அப்புடி வெக்க வேண்டாம்னு..."ன்னு ஆரம்பிச்சான். கடைக்காரனா பட்டறை நடத்தறான்னு கேட்டேன். அவன் ரெண்டாவது சுருளைக் கொண்டுபோயி டைம் ஆபீசு பீரோவுல வெச்சுக்கிட்டான். "இது இங்க இருக்கட்டும் மச்சான்"னான். எலி தின்னா உன்னையக் கட்டித் தொங்க விடறேன்னு சொல்லிட்டு உட்டுட்டேன்.

என்ன, கருமத்தம்பட்டி வந்துருச்சா? இன்னும் நேரமிருக்குது.

போன வருசம் ஆர்டரு அவசரம். ஆயுத பூசைக்கு உலையை அவிக்கவே இல்ல. பூசணிக்காயை வெளியவே ஒடைச்சுட்டோம். அதனால அந்தக் கவுத்தை ஒரு தடவைகூடத் தொடல. ரெண்டு வருசம், தம்பி, ஒரு தடவைகூட! இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க, காகிதத்துலயும் இதைத்தான் போட்டிருப்பான். உபயோகப்படுத்தாத கவுறு, புத்தம்புதுசு, அப்புடியே இத்துப் போச்சுன்னா அது டூப்ளிகேட் சரக்கில்லாம வேற என்ன?

இந்த ஆடி மாசம் நான் பெட்டியைத் தெறந்து தொடைச்சிட்டிருந்தேன். மாப்ள வந்து எட்டிப் பாத்தான். "மச்சான், மஞ்சளா இருந்தது வெல்லக்கட்டி நெறத்துக்கு வந்துருச்சு பாருங்க. தொட்டா மாவாட்டம் கையில ஒட்டுது. இது ஆகாதுங்க மச்சான்"னான். சுத்தி ஏழெட்டுப் பேரு போசி எடுக்க நிக்கறான். அத்தனை பேரு முன்னால நான் வெச்ச பொருளை ஆகாதுங்கறான்! எனக்குக் கை முன்னால போயிருமுன்னு சொன்னனில்ல? கையில தோலு உறை, அந்த உறைக்குள்ள சாவிக்கொத்து. விட்ட விடுல அவன் பெட்டி மேலயே போயி உழுந்தான். கன்னம் சுட்டுருச்சு. வாயிலேர்ந்து ரத்தம். ஒரு பல்லைத் துப்புனான். துப்புன பல்லை எடுத்துச் சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, வாயைக் கொப்புளிச்சிட்டு, சாயங்காலம் வரைக்கும் வேலை பாத்தானுங்க. வீட்டுல கீழ உழுந்துட்டேன்னு சொல்லியிருக்கறான். பாத்தீங்களா, எவ்வளவு கொணம்!

அன்னியிலேர்ந்து அந்தக் கவுத்தைப் பத்தி ஒருத்தன் வாயத் தெறக்கல. இருவது பேரு வேலை பாக்கற எடம். அப்புடிக் கட்டுப்பாடா வெச்சிருந்தேன் பட்டறையை.

ஆயுத பூசை அன்னிக்கு நாலு மணிக்கு மொதலாளி குடும்பத்தோட வர்றேன்னாரு. மத்தியானத்துக்குள்ள சிம்னி முடிச்சாகோணும். எறங்க வேண்டியவனுக்குக் காய்ச்சல், வரல. மாப்ள நீ எறங்குன்னேன். அவன் என்னைப் பாத்தான். "எறங்கறனுங்க மச்சான். பீரோவுல இருக்கற சுருளை எடுத்துக்கறேன்"னான். இருவது பேரும் எம்மூஞ்சியைப் பாக்கறான். ரெண்டு வருசம் சந்தனம் வெச்சு நான் காத்த கவுறு அங்க இருக்குது, இவன் எலி மோந்த கவுத்தை எடுத்துக்கறானாமா! அடிக்கலீங்க. சத்தியமா அன்னிக்கு அடிக்கல. நல்ல நாளுன்னு கையை ஓங்குனதோட நிறுத்திக்கிட்டேன்.

அவன் தலையைக் குனிஞ்சிக்கிட்டான். "சரிங்க மச்சான்"னான்.

நானே பெட்டியைத் தெறந்து, நானே கவுத்தை எடுத்து, ரெண்டு கையிலயும் சுத்தி முட்டி போட்டு இழுத்துப் பாத்தேன். கல்லாட்டம் நின்னுச்சு. நானேதான் அவன் இடுப்பு வார்ல கொக்கியை மாட்டுனேன். மேல ஏறி, சிம்னி வாய்ல கம்பியில முடிச்சுப் போட்டதும் நான்தான். எல்லாத்தையும் நானே பாத்துப் பாத்துப் பண்ணுனேன், தம்பி. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பண்ணுவான்? நீங்களே சொல்லுங்க.

ஏழெட்டு அடி எறங்குனான். சொரண்டற சத்தம் கேட்டுச்சு. நான் மேல நின்னு கையால கவுத்தை விட்டுக்கிட்டே, இன்னும் கீழ, இன்னும் கீழன்னு கத்திட்டிருந்தேன். அவன் காலை ஒதைச்சு இந்தப் பக்கத்துச் செவுத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்குத் தாவுனான். கவுறு ஒரு குலுக்கு குலுங்குச்சு, அவ்வளவுதான். அறுந்தா ஒரு சத்தம் வரோணுமில்ல? வரவே இல்லீங்க. எங்கையில இருந்த பாரம் இல்லாமப் போச்சு. அவன் கத்தவும் இல்ல. அடியில உழுந்த சத்தம்தான் கேட்டுச்சு. அதைச் சொல்ல வேண்டாம், நீங்க சாப்புட்டுட்டு வந்திருப்பீங்க.

உலை வாய் வழியாத்தான் அவனை வெளிய இழுத்தோம். செங்கல்லு இன்னும் வெதுவெதுன்னு இருந்துச்சு. ஒரு காலு முட்டிக்குக் கீழ பின்னால திரும்பியிருந்துச்சு. இடுப்பு வேற பக்கம், நெஞ்சு வேற பக்கம். தலையில கரியும் ரத்தமும் கொழகொழன்னு. ஆனா மூச்சு இருந்துச்சுங்க. கண்ணு தெறந்திருந்துச்சு. பசங்க சரக்கு ஆட்டோவுல ஏத்துனானுக. "மேஸ்திரி, ஏறுங்க"ன்னு கத்துனானுக.

நான் ஏறல.

எப்புடி ஏறுவேன்? எங்கையில அவன் இடுப்புலேர்ந்து கழட்டுன அறுந்த கவுறு இருக்குது. நுனியைக் கசக்குனாப் பழுப்பு மாவாக் கொட்டுது. நூலா இது? அடப்பாவி, இதையாடா நீ எங்கிட்ட வித்தேன்னு தலைக்கு மேல ஏறிருச்சு. கவுத்துல மாட்டியிருந்த எஃகுக் கொக்கி, இதோ இவ்வளவு நீளமிருக்கும், அதோட சுருட்டிக்கிட்டு பைக்கை எடுத்தேன். ஆட்டோ ஆசுபத்திரிப் பக்கம் போச்சு, நான் காந்திபுரம் போனேன். அவன் வண்டியில போறப்ப ரெண்டு தடவை, "மச்சான் எங்க?"ன்னு கேட்டானாம். சிங்காநல்லூரு தாண்டறப்ப மூச்சு நின்னு போச்சாம்.

கடையில வரதராசன் மாலை கட்டிட்டிருந்தான். அவனுக்கும் ஆயுத பூசைதானே. தராசுக்குப் பொட்டு வெச்சு, பொரி, கடலை எல்லாம் வெச்சிருந்தான். என்னைப் பாத்து, "வாங்க மேஸ்திரி"ன்னு எந்திரிச்சான். கவுத்தை மூஞ்சியில எறிஞ்சேன். என்ற மாப்ள உழுந்துட்டான்டா இதுலன்னேன். அவன் கவுத்தை எடுத்துப் பாத்தான். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தான். மோந்து பாத்தான். அப்புறம் என்னை நிமிந்து பாத்து, அந்தக் குரலே வராத வாயால கேக்கறான், "இதை எங்க வெச்சிருந்தீங்க?"

செத்துட்டிருக்கறான் ஒருத்தன்! அதுக்கு ஒரு ஐயோன்னு சொல்லோணும், தப்பாப் போச்சுன்னு சொல்லோணும். அதை உட்டுட்டுக் கேள்வி கேக்கறான் பாருங்க! கொக்கியில ஒண்ணு வெச்சேன். கண்ணாடி ஒடைஞ்சு கண்ணுக்குள்ள போச்சு. கல்லாவைப் புடிச்சிட்டு நின்னுக்கிட்டு மறுபடி கேக்கறான், "எங்க வெச்சிருந்தீங்க, மேஸ்திரி?" தாடையில வெச்சேன். பொரித் தட்டு மேல உழுந்தான். பொரியெல்லாம் செவந்து போச்சு. உழுந்து கெடந்துக்கிட்டு வாய் கோணிப் போயி, ரத்தம் ஒழுகிட்டே, "எங்க... எங்க..."ங்கறான். அந்த வாய் நிக்கற வரைக்கும் அடிச்சேன். மூணு பேரு வந்து என்னையப் புடிச்சு இழுத்தாங்க. ஒருத்தன் கையையும் ஒடைச்சேன்னு எப்.ஐ.ஆர்.ல போட்டிருக்குது, எனக்கு அது நெனப்பில்ல.

இப்ப அவனுக்குத் தாடையில கம்பி. குழாய்லதான் கஞ்சி குடிக்கறானாம். ஒரு கண்ணு போச்சு. பேச்சு வரலையாம். எனக்கு அதுல வருத்தமுமில்ல ஒண்ணுமில்ல. என்ற தங்கச்சி தாலி போச்சே, அதுக்கு யாரு வருத்தப்பட்டா?

பெருமாநல்லூரு போயிருச்சுங்களா? நான் கவனிக்கல பாருங்க.

முப்பத்தெட்டு நாள் உள்ள இருந்தேன். மாப்ளைக்குக் கொள்ளி வெச்சதையும் பாக்கல, கருமாதியும் பாக்கல. ஜாமீன்ல வந்த அன்னிக்கே நேரா விசயமங்கலம் போனேன். தங்கச்சி வாசல்ல வந்து நின்னா. வெத்து நெத்தி. அம்மிணி, அவனை விடல, கண்ணைப் புடுங்கிட்டேன் அம்மிணின்னேன். அழுவாள்னு பாத்தேன். அழல. கதவுக்கு நடுவுல கையை வெச்சுக்கிட்டு, "அண்ணா, எம் புருசனைக் கொன்னது யாருன்னு காகிதத்துல எழுதி வாங்கிட்டு வாங்க. வாங்கிட்டு வந்தொடனே உள்ள வாங்க. அது வரைக்கும் இந்தப் படியை மிதிக்காதீங்க"ன்னா. நாயமான பேச்சு. பொம்பளை, வாய் வார்த்தையை எப்புடி நம்புவா? அதுக்குத்தான் வக்கீலைப் புடிச்சு, அறுந்த கவுத்தையும், பீரோவுல இருந்த சுருளையும் நூலு சோதிக்கற எடத்துக்கு அனுப்பச் சொன்னேன். ரெண்டையும் சோதிச்சா அவன் வித்த லட்சணம் தெரிஞ்சிருமில்ல?

அன்னிக்கு நான் திரும்பறப்ப உள்ள போயி ஒரு பொட்டலம் கொண்டாந்து எங்கையில வெச்சா. பஸ்ஸுல வந்து பிரிச்சுப் பாத்தேன். ஒரு பல்லு. மாப்ளையோடது. ஆடி மாசம் துப்புனானே, அது. எதுக்குக் குடுத்தாள்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல. செத்தவன் பொருளு, பவானில கொண்டுபோயிக் கரைச்சுட்டு வரச் சொல்றாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். இன்னும் போக நேரமில்ல. இதோ சட்டைப் பாக்கெட்லதான் இருக்குது.

அது செங்கப்பள்ளி பாலமுங்களா? அப்பப் படிச்சுருங்க தம்பி. இந்தாங்க. ஓரத்தைக் கிழிங்க, பாத்து, எழுத்துப் போயிரப் போவுது. மெதுவாப் படிச்சு எனக்குத் தமிழ்ல சொல்லுங்க.

ம். ரெண்டு சாம்பிள். ஆமாங்க, ஒண்ணு பீரோ, ஒண்ணு அறுந்தது. சொல்லுங்க.

பீரோவுது... நூத்துக்குத் தொண்ணூத்தெட்டா? அது நல்ல கவுறுங்கறானா? சரி. அறுந்தது? நாலா? நூத்துக்கு நாலு! பாத்தீங்களா! பாத்தீங்களா தம்பி, நான் சொன்னனில்ல! நூத்துக்கு நாலு பங்கு பலம் இருக்கற கவுத்தை வித்திருக்கறான்! டூப்ளிகேட்டுன்னு போட்டிருக்கறானா? அந்த வார்த்தை எங்க இருக்குது, காட்டுங்க.

ரெண்டும் ஒரே சரக்கா?

இல்லீங்க, சரியாப் படிங்க. ஒரே நூலு, ஒரே தயாரிப்பு, கலப்படமில்லைன்னா அப்புறம் எப்புடி இது தொண்ணூத்தெட்டு அது நாலு? என்ன, சூடா? நூத்தி எம்பது டிகிரி... மாசக்கணக்கா... தம்பி, அந்தக் கவுத்தைத் தீ ஒண்ணும் பண்ணாதுங்க. நான் எங்கையால லைட்டரைப் புடிச்சு அறுவது எண்ணியிருக்கறேன். என்ன எழுதியிருக்கறான்? ஒரு நிமிசம் தீயைத் தாங்கும், ஆனா நாள் கணக்கா, மாசக் கணக்காச் சூட்டுல கெடந்தா உள்ளுக்குள்ள நூலு செத்துப் போயிருமா? பாக்கறதுக்குக் கவுறாட்டமே இருக்குமா? நெறம் மாறறதுதான் அடையாளமா? வித்தவன் குடுத்த சீட்டுலயே சூட்டுல வெக்காதீங்கன்னு இருக்குதா?

யார்ரா உனக்குச் சொல்லிக் குடுத்தது? அந்த வரதராசன் ஆளா நீ? உண்மையைச் சொல்லு! எந்திரி! சட்டையைக் கிழிச்சுப் போடுவேன், ஒழுங்காப் படிடா!

...

விடறேனுங்க. விட்டுட்டேன். கண்டக்டரு, நீங்க போங்க, ஒண்ணுமில்ல. நானும் தம்பியும் பேசிட்டிருக்கறோம். ஏனுங்க அல்லாரும் எந்திரிச்சு நிக்கறீங்க? உக்காருங்க. தம்பி, பட்டன் ஒண்ணு தெறிச்சுருச்சு பாருங்க, இந்தாங்க. மன்னிச்சுக்கோங்க. எனக்குக் கை முன்னால போயிரும்.

போசி வெப்பாங்கன்னு சொன்னனில்ல? முட்டை வேகும்னு. நான்தான் சொன்னேன். உங்ககிட்ட இவ்வளவு நேரமா நானேதான் சொல்லிட்டு வந்திருக்கறேன். நீங்க எப்பவே கண்டுபுடிச்சிருப்பீங்க. ஏன் தம்பி சொல்லல? சொன்னா அடிப்பேன்னா? அங்க நின்ன இருவது பேரும் அப்புடித்தான் நின்னாங்களா? எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சா?

அவனுக்குத் தெரியுமுங்க. கடைக்காரரு சொன்னதை நின்னு கேட்டவன் அவன். தொட்டுப் பாத்தவன் அவன். அது அறுந்துரும்னு தெரிஞ்சேதான் சரிங்க மச்சான்னு எறங்கியிருக்கறான். நாப்பதடிக் குழியை விட எங்கையி அவனுக்குப் பெருசாப் போச்சா? ஐயோ. ஐயோ சாமி. நான் என்ன பண்ணி வெச்சிருக்கறேன்? அந்தக் கடைக்கார மனுசன் வேற ஒண்ணும் கேக்கலீங்களே, எங்க வெச்சிருந்தீங்கன்னுதானே கேட்டாரு. நான் ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தாப் போதும். அவருக்குக் கண்ணு இருந்திருக்கும்.

உலையோரமுங்க. உலைச் செவுத்தோட ஒட்டி வெச்சிருந்தனுங்க.

தம்பி, பேனா இருக்குதுங்களா? இந்தக் காகிதத்துக்குப் பின்பக்கம் தமிழ்ல எழுதிக் குடுங்க. தங்கச்சிக்கு இங்கிலீசு வராது, தமிழ் நல்லாப் படிப்பா. பெருசா வேண்டாம். கவுறு நல்ல கவுறு. வித்தவரு மேல தப்பில்ல. கெடுத்தது சூடு. உலையோரம் வெச்சது சென்னியப்பன். அங்கப்பன் சொல்லியும் கேக்கல. அப்புடியே எழுதுங்க. ஏன் நிறுத்திட்டீங்க? பேரைப் போடுங்க, அவ பேரைத்தான் கேட்டா. எங்கையவே ஏனுங்க பாக்கறீங்க? அடிக்க மாட்டேன் தம்பி. இந்தா, ரெண்டு கையையும் தொடைக்கடியில வெச்சுக்கிட்டேன், எழுதுங்க.

எழுதியாச்சா? மடிச்சுக் குடுங்க. இந்தப் பல்லுப் பொட்டலத்தையும் கவருக்குள்ளயே போட்டுருங்க. அவ அன்னிக்கே எங்கையில எழுதித்தான் குடுத்திருக்கறா, எனக்குத்தான் படிக்கத் தெரியல.

கண்டக்டரு, விசயமங்கலத்துல நிறுத்துங்க. ஒரு ஆளு எறங்கோணும்.